மூன்று ஓரம் கொண்ட மனிதர்கள்

அந்தச் சுவருக்கு நான் வெள்ளையடித்திருக்க வேண்டுமா?

அடித்த அன்றே என்னை நான் கேட்டுக்கொண்ட கேள்வி இது. நாலு வருடமாகியும் பதில் வரவில்லை. பாத்திரம் துலக்கும்போது செய்தது சரிதான் என்று தோன்றும். துணி உலர்த்தும்போது தப்பு என்று தோன்றும். எனக்கு எல்லாவற்றிலும் இப்படித்தான். அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறவள் நான். ஆனால் இது அடுப்பு விஷயம் இல்லை. என் மகள் கண்ணால் கண்டது சம்பந்தப்பட்டது.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிதில் கல்யாணமாகி விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு வந்தேன். டீச்சர் டிரெய்னிங் முடித்து, இரண்டு வருடம் சின்ன வகுப்புக்குப் பாடம் எடுத்திருந்தேன். மாப்பிள்ளை லித்தோ கம்பெனியில் ஆர்டிஸ்ட் என்று சொன்னபோது, மரத்தடியில் உட்கார்ந்து படம் வரைகிற ஆளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வந்து பார்த்தால் அவர் வேலை புள்ளி வைப்பது.

ஒரு படத்தில் மஞ்சள் எங்கெங்கே உண்டோ அதை மட்டும் ஒரு பிளேட்டில் புள்ளி புள்ளியாக வைப்பார். சிவப்புக்குத் தனிப் பிளேட், நீலத்துக்குத் தனி, கறுப்புக்குத் தனி. ஒரே தாள் மிஷினுக்குள் நாலு தடவை போய் வரும். நாலு நிறமும் ஒன்றின் மேல் ஒன்று பிசகாமல் உட்கார்ந்தால்தான் முகம் முகமாகத் தெரியும். அப்படி உட்காருவதற்கு ரிஜிஸ்டர் என்று பேர். கம்பெனியில் எல்லாரும் நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள் போலிருக்கிறது. வீட்டில் நான் குழம்புக்கு உப்பு அதிகமாகப் போட்டால்கூட "இன்னைக்கு ரிஜிஸ்டர் தப்பிருச்சே" என்பார்.

நான் மாசமாக இருந்தபோது ஒரு பம்பாய் ஜவுளிக் கம்பெனியின் காலண்டர் ஆர்டர் வந்தது. தபாலில் இரண்டு போட்டோ அனுப்பியிருந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம், ஒரு பெரிய தெரு. இரண்டு பக்கமும் மாடி மேல் மாடி. நடுவில் டிராம். கீழே ஜனங்கள், ஜனங்கள், ஜனங்கள். மதுரையைத் தாண்டிப் போகாத மனிதர் அந்தத் தெருவை மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தலைக்கும் மஞ்சளில் ஒரு தடவை, சிவப்பில் ஒரு தடவை, நீலத்தில் ஒரு தடவை புள்ளி வைத்தார். கறுப்பைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

சிவகாசியில் அச்சுத் தொழில் செழித்ததற்குக் காரணமே மழை இல்லாததுதான் என்பார்கள். அந்த ஐப்பசியில் பார்த்து எட்டு நாள் விடாமல் பெய்தது. தாள் ஈரத்தைக் குடித்தால் கொஞ்சம் விரியும். காய்ந்த நாளில் மஞ்சள் ஓட்டின தாளில், ஈர நாளில் சிவப்பு எப்படி உட்காரும்?

"இன்னைக்கும் வெலகிருச்சு" என்பார் வாசலிலேயே நின்று.

"எம்புட்டு?"

"ஒரு நூலு."

நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. "ஒரு நூலுதானங்க?" என்று சமாதானமாகக் கேட்டேன்.

"ஒரு நூலா? ஒம் மூக்க ஒரு நூலு தள்ளி வச்சா ஒன்னயப் பொண்ணு பாக்க வந்திருப்பனா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றைக்குச் சாப்பிடவில்லை. திரும்ப ஓட்டினார்கள், திரும்ப விலகியது. ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி விலகியது. காலண்டருக்கு நாள் நெருங்கிவிட்டதால் அந்த ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விட்டது. கறுப்பு ஓடவே இல்லை.

வீணான தாளெல்லாம் வெடிக்குக் குழாய் சுருட்ட விஸ்வநத்தம் பக்கம் போய்விடும். அதுதான் வழக்கம். பம்பாய்த் தெருவும் சுருண்டு, கரிமருந்தை வயிற்றில் வாங்கி, யார் வீட்டுத் தீபாவளியிலோ தூள் தூளாகப் போயிருக்க வேண்டியது. இவர் மட்டும் ஒரு சுருளைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். "தொட்டில் கட்டுற பக்கம் மண்ணு உதிருதுன்னு சொன்னேல்ல. ஒட்டிவிடுவோம்" என்றார்.

நாங்கள் இருந்தது ஆறு வீட்டு வளவில் ஓர் ஓட்டு வீடு. உள் சுவர் மண்சுவர். தொட்டால் உதிரும். குழந்தை கண்ணில் விழுந்துவிடுமோ என்று பிறப்பதற்கு முன்பே பயந்துகொண்டிருந்தேன். பன்னிரண்டு தாளை மூன்று வரிசையாக ஒட்டினோம். வெடிக்குழாய் ஒட்டுகிறவர்கள் போல மைதாப் பசையில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினார் அவர், பூச்சி அரிக்காமல் இருக்க. பிள்ளை நக்கிவிட்டால் என்ன ஆவது என்று கீழ் வரிசைக்கு மட்டும் நான் தனியாக வெறும் பசை காய்ச்சினேன். மேல் வரிசைப் பசை வழிந்து கீழே வந்திருக்குமோ என்று அப்புறம் ஒரு மாதம் கவலைப்பட்டேன்.

அடுத்த வீட்டு அக்கா தீப்பெட்டி ஆபீசுக்கு வீட்டிலிருந்தே குச்சி அடுக்கிக் கொடுப்பவர். குச்சிக் கட்டையும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சரம்மா, பம்பாயவே வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டீக! டிராமுக்கு டிக்கெட் எம்புட்டு?"

"உங்களுக்கு இனாம்க்கா."

"அய்ய, எனக்கு வேணாம்த்தா. இதுல ஏறுனா ஒரு காலு சாத்தூருல எறங்கும், ஒரு காலு திருத்தங்கல்ல எறங்கும்."

அவர் சொன்னது சரி. அந்தத் தெருவில் ஒருவருக்கும் ஒரே ஓரம் இல்லை. ஒவ்வொருவருக்கும் மஞ்சளாக ஓர் ஓரம், சிவப்பாக ஓர் ஓரம், நீலமாக ஓர் ஓரம். மூன்றையும் இழுத்துப் பிடிக்கிற கறுப்புக் கோடு கிடையாது.

பிள்ளை பிறந்து, தொட்டில் கட்டி, நான் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து பால் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அதை உண்மையாகப் பார்த்தேன். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. மத்தியானம் அதன் வழியாக வெயில் இறங்கிச் சுவரில் மெல்ல நகரும். வெயில் பட்ட இடத்தில் கூட்டம் நடக்கிற மாதிரி இருக்கும். குடை பிடித்த ஓர் ஆள் பன்னிரண்டு தாளிலும் இருந்தார். ஒன்றில் அவருடைய சிவப்பு முந்திப் போகிறது. ஒன்றில் நீலம் பின்தங்கி நிற்கிறது. ஒன்றில் மஞ்சள் குடை தலையை விட்டுப் பறந்துகொண்டிருக்கிறது. சரியாக அச்சாகியிருந்தால் பன்னிரண்டும் ஒரே ஆள்தான். தப்பாகப் போனதால் பன்னிரண்டு பேர் ஆகிவிட்டார். ஒரு மனிதர் கஷ்டப்பட்டுத் தோற்றுப்போன வேலைக்குள் இவ்வளவு உயிர் எங்கிருந்து வந்தது என்று நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளை பால் குடித்து முடித்துத் தூங்கியிருக்கும். அது எனக்குத் தெரிந்திருக்காது.

அவளும் அதைத்தான் பார்த்து வளர்ந்தாள். இரண்டு வயதில் அந்தக் குடைக்காரருக்குக் குடை மாமா என்று பேர் வைத்தாள். மூன்று வயதில், "அம்மா, குடை மாமா இங்கன மெதுவாப் போறாரு. அங்கன ஓடுறாரு. மேல இருக்கவரு எதையோ மறந்துட்டாரு" என்று வரிசையாகச் சொன்னாள். நான் ரசித்தேன். மறைக்கவில்லை, ரொம்பவே ரசித்தேன்.

நாலரை வயதில் அவள் அப்பா உடைந்த கலர்ச் சாக்குத் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் படமாகச் சிமெண்டுத் தரையில் அப்பாவை வரைந்தாள். மஞ்சளில் ஓர் அப்பா. கொஞ்சம் தள்ளி அவர் மேலேயே சிவப்பில் ஓர் அப்பா. இன்னும் கொஞ்சம் தள்ளி நீலத்தில். அப்புறம் அடுத்த வீட்டு அக்காவை அப்படி. பூனையை அப்படி. என்னை அப்படி. ஒரே உருவத்தை வாசற்படி வரைக்கும் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே போவாள்.

"ஒரு கோடு போதும் தாயி" என்றேன்.

"ஒரு கோடு போட்டா அப்பா நின்னுருவாரு."

அந்த இடத்தில்தான் எனக்குப் பயம் பிடித்தது. இவள் கண்ணுக்கு நிஜமாகவே எல்லாம் மூன்று மூன்றாகத் தெரிகிறதோ? கண் கூர்மைப்படுகிற வயதில், கறுப்புக் கோடே இல்லாத சுவரை எதிரே வைத்து வளர்த்த பாவி நான்தானே? டிரெய்னிங்கில் குழந்தை முதலில் பார்ப்பது தெளிவாக இருக்க வேண்டும் என்று படித்தேனே, அது எங்கே போயிற்று?

பரீட்சை வைத்தேன். விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டேன். சரியாகச் சொன்னாள். ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னேன். கோர்த்தாள். விளக்கைக் காட்டி எத்தனை விளக்கு என்றேன்.

"ஒண்ணு."

"நெசமா? நல்லாப் பாரு."

"ஒனக்கு எத்தன தெரியுதும்மா?" என்று கவலையோடு கேட்டாள்.

அடுத்த வீட்டு அக்காவிடம் சொல்லி அழுதுவிட்டேன். "கண்ணுன்னா இருக்கன்குடியாதான். படிச்சவுகன்னு வெக்கப்படாதீக. வெள்ளியில கண் மலர் வாங்கிச் சாத்துங்க, ஆத்தா பாத்துக்கிருவா" என்றார். வெட்கப்படவில்லை. சாத்தூர் போய் அங்கிருந்து வண்டி பிடித்து இருக்கன்குடிக்குப் போனோம். அம்மனுக்குக் கண் மலர் சாத்தி, தீர்த்தத்தால் பிள்ளை கண்ணைத் துடைத்தேன். திரும்பி வரும்போதே, டாக்டரிடம் போவதற்கு முன்னால் இங்கே வந்தது தப்போ, இனி டாக்டரிடம் போனால் அம்மனை நம்பாதது ஆகுமோ என்று இரண்டு பக்கமும் அரித்தது. மறுவாரம் மதுரைக்குப் புறப்பட்டோம். அவருக்கு சீசன் நேரம், லீவு கிடைக்கவில்லை. நானும் பிள்ளையும் மட்டும்.

மதுரை எனக்குப் புதிது இல்லை. ஆனால் எப்போது போனாலும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, முன்னால் போகிறவர் குதிகாலைப் பார்த்தே நடந்து வந்திருக்கிறேன். அன்றைக்கு ரயிலை விட்டு இறங்கியபோது சாயங்காலம். டாக்டரை ஆறு மணிக்குத்தான் பார்க்கலாம். தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் பிள்ளை நின்றுவிட்டாள். இழுத்தேன். வரவில்லை.

"அம்மா! நம்ம சொவரு!"

நிமிர்ந்து பார்த்தேன்.

ஈரத் தெருவில் கடை விளக்குகள் மஞ்சளாகவும் சிவப்பாகவும் இழுபட்டுக் கிடந்தன. அதன் மேல் ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். குடையோடு ஒருவர் தெருவைக் கடக்கக் காலை வைத்தார். பஸ் வந்தது, பின்வாங்கினார். மறுபடி வைத்தார், பின்வாங்கினார். மூன்றாவது தடவை வைத்தார். ஒரு அம்மாள் இடுப்புச் சுருக்குப்பையைத் தொட்டுப் பார்த்தாள். நாலு எட்டு நடந்து மறுபடி தொட்டுப் பார்த்தாள். பூக்காரி ஒரே முழத்தைக் கையில் அளந்துகொண்டே இருந்தாள். கண்டக்டர் போகிற ஊர்களையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் கூப்பிட்டவரிடம் போவதற்குள் அவர் வேறு வண்டியில் ஏறிவிட, பழைய இடத்துக்கே வந்து நின்று, அதே குரலில் அடுத்தவரைக் கூப்பிட்டார். நாளைக்கும் இவர்கள் எல்லாரும் இங்கே வருவார்கள். இதையே செய்வார்கள். இன்று பிசகியது நாளை வேறு மாதிரி பிசகும்.

ஒருவராவது தன் உடம்புக்குள் சரியாக உட்கார்ந்திருக்கவில்லை. உடம்பு இங்கே இருந்தது. நினைப்பு ஒரு நூல் முந்திப் போனது. பயம் ஒரு நூல் பின்தங்கி வந்தது. ஜவுளிக்கடைக் கண்ணாடியில் ஒருத்தி தெரிந்தாள். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பை. வீட்டைப் பூட்டினோமா என்று முகம் பின்னால் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் என்ன சொல்வாரோ என்று கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. எனக்கும் மூன்று ஓரம் இருந்தது. எத்தனை வருடமாக இருந்ததோ தெரியாது. அந்தச் சமயத்தில் எனக்கு அந்தக் கூட்டத்தின் மேல் வந்த பிரியத்தை எப்படிச் சொல்வது? எல்லாரையும் நிறுத்தி, "பரவாயில்லை, போங்க" என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

"குடை மாமா தாண்டிட்டாரும்மா" என்றாள் பிள்ளை.

டாக்டர் பொறுமையானவர். பலகையில் படம் படமாகக் காட்டிக் கேட்டார். விளக்கடித்துப் பார்த்தார். "கண் ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். வீட்டில் அவளைத் தாளில் வரையச் சொல்லி எடுத்து வந்திருந்தேன், அதை நீட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, வீட்டில் எதிரே என்ன மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார். சுவரைப் பற்றிச் சொன்னேன். சிரித்துவிட்டார். "அதான். பள்ளிக்கூடம் போனாச் சரியாயிடும். கவலைப்படாதீங்க."

கவலைப்படாதே என்று யார் சொன்னாலும் எனக்குக் கவலை கூடிவிடும். சரியாகிவிடும் என்றால் இப்போது தப்பாக இருக்கிறது என்றுதானே? தெருவில் பார்த்ததை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் என் கண்ணையும் பார்த்திருப்பார்.

ஜூனில் பள்ளிக்கூடம். நான் டீச்சராக இருந்தவள். கோட்டுக்கு வெளியே போன பிள்ளைகளின் சிலேட்டை என் கையாலேயே அழித்திருக்கிறேன். வகுப்பு சிரிக்கும்போது ஒரு குழந்தையின் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அது என் பிள்ளைக்கு வர வேண்டாம் என்று நினைத்தேன். மே மாதக் கடைசியில் அவரிடம் சொன்னேன்.

"அடிச்சிருவோம். வேஸ்ட் ஷீட்டுதான" என்றார். சுண்ணாம்பு அவரே வாங்கி வந்தார். நீலம் கலந்து கரைத்தும் கொடுத்தார். வெள்ளையடிக்கிற மட்டையை மட்டும் தொடவில்லை. சைக்கிளுக்கு எண்ணெய் விடுகிறேன் என்று வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு பூச்சு அடித்தேன். காய்ந்ததும் குடை மாமா சுண்ணாம்புக்குள்ளிருந்து தெரிந்தார். இரண்டாவது அடித்தேன். மங்கலாகத் தெரிந்தார். மூன்றாவதும் அடித்தேன். பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கடைசி வரைக்கும் பார்த்தாள்.

"அவுக உள்ளதான் இருக்காகளா?"

"ஆமா தாயி."

"சரி" என்றாள். அழக்கூட இல்லை. அழுதிருந்தால் நிறுத்தியிருப்பேனோ?

டாக்டர் சொன்னபடியே சரியாகிவிட்டது. ஒரு கோட்டில் வீடு, ஒரு கோட்டில் மரம், ஒரு கோட்டில் அம்மா. "உங்க பிள்ள சுத்தமா வரையுது" என்று டீச்சர் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஒரு கோடு ஒரு நூல் விலகினால் அழிக்கிறாள். திரும்பப் போட்டு மறுபடி அழிக்கிறாள். தாள் ஓட்டையாகும் வரை அழிக்கிறாள். வீட்டுப்பாடம் எடுத்து வைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறாள்.

போன ஐப்பசியில் மறுபடி நல்ல மழை. ஓதம் ஏறி, ஓரிடத்தில் சுண்ணாம்பு உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து விழுந்தது. அங்கே ஒரு சிவப்புக் குடையும் அதை விட்டு விலகி ஒரு நீலக் குடையும். பத்து வருடத்துக்கு முன் அச்சான நிறம் நேற்று அச்சான மாதிரி இருந்தது. கும்பிடத் தோன்றியது. ஓடிப் போய் அவளைக் கூட்டி வந்தேன்.

"இது யாரு தெரியுதா?"

பார்த்தாள். "அச்சு வெலகுன படம். சுண்ணாம்பு உரிஞ்சிருச்சும்மா, அப்பாவ அடிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, விட்ட கணக்கைப் போடப் போய்விட்டாள்.

இப்போது அவருக்குச் சென்னையில் ஒரு அச்சகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பங்குனிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாங்கள் போனதும் சுவரை இடித்துச் செங்கல் வைக்கப் போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஒரே ஒரு தாளை உரித்து எடுத்துப் போகலாமா என்று இவரைக் கேட்டேன். புது வீட்டில் அவள் கண்ணில் படுகிற மாதிரி மாட்டி வைத்தால், அந்தப் பெரிய தெருக்களில் நடந்துவிட்டு வந்து ஒருநாள் தானாக அடையாளம் கண்டுகொள்ள மாட்டாளா என்று கேட்டேன்.

அவர் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒனக்கு வேணும்னா உரி. அவளுக்குன்னு சொல்லாத."

அது எனக்குக் குத்தியது. நிஜமாக யாருக்காக என்று எனக்கே தெரியவில்லை. ஒரு தடவை அவள் கண் முன்னாலேயே மூடினேன். இன்னொரு தடவை திறந்தால் அதுவும் என் இஷ்டத்துக்கு அவளை இழுப்பது ஆகாதா? சும்மா விட்டுவிட்டால், ஒரு காலத்தில் எல்லாரும் நடந்துகொண்டே இருப்பதைக் கண்ட பிள்ளை, தான் ஒரு நூல் விலகினால்கூடத் தப்பு என்று நினைத்தே வளர்ந்துவிட மாட்டாளா?

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். நாள் அதிகமில்லை. மைதாப் பசையில் ஒட்டிக் காய்ந்துபோன தாளைக் கிழியாமல் உரிக்க, வெந்நீர்த் துணியை எவ்வளவு நேரம் போட்டு வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். உரிக்கவே வேண்டாம் என்று நினைப்பவர்களும், உறை மேலேயே "வேண்டாம்" என்று குறித்து, எழுதுங்கள். அந்தக் கடிதங்களைத்தான் நான் முதலில் பிரிப்பேன்.